ரெவிட்டில் சர்க்யூட் லோடு சரியாக வரவில்லையா? சேலம், ஏற்காடு வேலைகளிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் எங்கள் டிசைன் அலுவலகம். கல்யாண மண்டபம், விசைத்தறிக் கூடம், ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டு விடுதி என்று வருகிற வேலைகளுக்கு ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் எலக்ட்ரிக்கல் மாடல் செய்து தருகிறோம். புதிதாகச் சேரும் பிள்ளைகளும் மாடலை வாங்கிப் பார்க்கும் கான்ட்ராக்டர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: "பேனல் ஷெட்யூலில் இருக்கிற எண்ணும் கையால் கூட்டின எண்ணும் ஏங்க ஒத்துப்போகல?" (பேனல் ஷெட்யூல் என்பது ஒரு பேனலில் ஏறும் சர்க்யூட்டுகளையும் அவற்றின் லோடையும் காட்டும் அட்டவணை.)

என் பதிலும் மாறுவதில்லை. ரெவிட் லோடைக் கண்டுபிடிப்பதில்லை, நாம் கொடுத்ததைக் கூட்டுகிறது. தப்பான எண் ஒன்று கண்ணில் பட்டால் அது பிறந்த இடம் ஒன்று நிச்சயம் உண்டு. பெரும்பாலும் அது ஃபேமிலிக்குள் (லைட், ஃபேன் போன்ற சாமானின் ரெவிட் வார்ப்பு) இருக்கும் கனெக்டராகவோ (மின்சாரம் சேரும் புள்ளி), சர்க்யூட்டாகவோ, பேனலாகவோ, எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸாகவோ இருக்கும். இந்த வரிசையில் கீழிருந்து மேலே ஏறிப் பாருங்கள். மேலிருந்து இறங்கினால் ஷெட்யூலையே வெறித்துப் பார்த்து ஒரு நாள் போய்விடும்.

லைட், ஃபேன், பிளக் எல்லாம் வைத்தாச்சு. பேனலில் லோடு பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. எங்கே பார்ப்பது அண்ணா?

முதலில் எஃப்9 அழுத்துங்கள். சிஸ்டம் பிரவுசர் திறக்கும். அதில் எலக்ட்ரிக்கல், பவர் என்று போய் 'அன்அசைன்ட்' என்ற பிரிவைப் பாருங்கள். நீங்கள் வைத்த சாமான் அங்கே கிடந்தால் அது எந்தப் பேனலிலும் ஏறவில்லை. படத்தில் ஒயர் வரைந்திருப்பது கணக்கில் சேராது. ஒயர் வெறும் கோடு. சர்க்யூட் போட்டு, அதைப் பேனலில் சேர்த்தால்தான் லோடு ஏறும்.

சர்க்யூட்டில் இருந்தும் பூஜ்ஜியம் என்றால் ஃபேமிலியைத் திறந்து கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். மூன்று கோளாறுகள் அடிக்கடி வரும்.

ஒன்று, கனெக்டரின் சிஸ்டம் டைப் 'பவர் அன்பேலன்ஸ்ட்' என்று இருக்கும். அப்போது மொத்த லோடைத் தனியாகத் தர முடியாது. ஃபேஸ் 1, ஃபேஸ் 2, ஃபேஸ் 3 என்று தனித்தனியாகத் தரவேண்டும். அவை பூஜ்ஜியமாகவே விடப்பட்டிருக்கும். மூன்று ஃபேஸிலும் சமமாக இழுக்கும் மோட்டார் என்றால் 'பேலன்ஸ்ட்' போதும்.

இரண்டு, ஃபேமிலியில் 'லோடு' என்று அழகாக ஒரு பாராமீட்டர் இருக்கும், அதில் 1000 என்றும் எழுதியிருக்கும். கனெக்டரின் 'அப்பேரன்ட் லோட்' (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் வி.ஏ. லோடு) வரியோடு அது இணைக்கப்பட்டிருக்காது. வெளியே என்ன மாற்றினாலும் உள்ளே போய்ச் சேராது. இன்னொரு வகையும் உண்டு: பாராமீட்டரைச் சாதாரண 'நம்பர்' வகையில் செய்திருப்பார்கள். அதை இணைக்கவே முடியாது. எலக்ட்ரிக்கல் பிரிவில் 'அப்பேரன்ட் பவர்' வகையில் செய்தால்தான் பட்டியலில் தெரியும்.

மூன்று, கனெக்டர் உள்ளே இன்னொரு ஃபேமிலிக்குள் புதைந்திருக்கும். உள் ஃபேமிலி 'ஷேர்டு' ஆக இல்லாவிட்டால் பிராஜெக்டுக்கு அந்தக் கனெக்டர் கண்ணுக்கே தெரியாது.

இத்தனையும் சரியாக இருந்தால் பிராஜெக்ட் யூனிட்ஸ் பாருங்கள். கே.வி.ஏ.யில் (1,000 வி.ஏ.), புள்ளிக்குப் பின் இடமே இல்லாமல் வைத்திருந்தால் 40 வி.ஏ. லைட் பூஜ்ஜியம் என்றுதான் தெரியும். லோடு உள்ளேதான் இருக்கிறது, காட்டுகிற விதத்தில்தான் குறை.

லைட்டின் வாட்டேஜை 18-லிருந்து 36-ஆக மாற்றினேன். சர்க்யூட் லோடு அசையவில்லையே?

லைட் ஃபேமிலியில் 'வாட்டேஜ்' வேறு, 'அப்பேரன்ட் லோட்' வேறு. ஃபேமிலி செய்தவர் இரண்டையும் ஃபார்முலாவால் கட்டியிருந்தால் ஒழிய ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. சர்க்யூட் எடுத்துக்கொள்வது அப்பேரன்ட் லோடைத்தான்.

சர்க்யூட் போட்டேன். பேனல் தேர்வு செய்யும் பட்டியலில் எங்கள் டி.பி. (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) பெயரே வரவில்லை.

மின்னழுத்தம் பொருந்தவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ரெவிட் பொருத்தம் பார்ப்பது இப்படி: சாமானின் வோல்டேஜும் போல் எண்ணிக்கையும் ஒருபக்கம், பேனலின் டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம் மறுபக்கம். பேனலுக்கு டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டமே கொடுக்காமல் விட்டிருந்தால் அது எந்தப் பட்டியலிலும் வராது. புதிதாக ஒரு டி.பி. வைத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான். சர்க்யூட்டுகள் ஏறின பிறகு மாற்றப் போனால் எல்லாவற்றையும் கழற்றி மாட்டவேண்டி வரும்.

ரெவிட் அமெரிக்காவில் பிறந்த மென்பொருள். அந்த ஊர் டெம்ப்ளேட்டில் 120/208, 277/480 என்று அவர்கள் வோல்டேஜ்தான் இருக்கும். நம்மூர் வேலைக்கு 'வோல்டேஜ் டெஃபினிஷன்ஸ்' பகுதியில் 230-ம் 415-ம் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எல்லைகள் கேட்கும். எங்கள் அலுவலகத்தில் 230-க்கு 220 முதல் 250 வரை, 415-க்கு 380 முதல் 440 வரை வைத்துக்கொள்கிறோம். கம்பெனிக்காரர்கள் சிலர் 240 என்றும் சிலர் 400 என்றும் ஃபேமிலி தருவார்கள், எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். பிறகு மூன்று ஃபேஸ், ஸ்டார், 4 ஒயர் என்று ஒரு சிஸ்டமும், சிங்கிள் ஃபேஸ் 230-க்கு ஒன்றும் செய்துகொள்ளுங்கள்.

வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் டி.பி.யில் இடம் தீர்ந்திருக்கலாம். 8 வே டி.பி.என். (மூன்று ஃபேஸும் நியூட்ரலும் உள்ள) பெட்டிக்கு 24 சிங்கிள் போல் இடம் என்று கொடுத்திருக்க வேண்டும். 'அதிகபட்ச 1 போல் பிரேக்கர்' வரியில் 8 என்று எழுதிவிட்டுப் பேனல் கெட்டுப்போச்சு என்று தேடிய தம்பிகள் உண்டு.

415-ஐ 1.732-ஆல் (மூன்றின் வர்க்கமூலம்) வகுத்தால் 239.6 வருகிறது. நாம் 230 என்று போடுகிறோம். இது தப்பில்லையா?

நல்ல கேள்வி. 230-க்குச் சரியான ஜோடி 398, அதாவது 400. 415-க்குச் சரியான ஜோடி 240. நம் நாட்டில் பேச்சுவழக்கில் இரண்டும் கலந்து 230/415 என்று ஆகிவிட்டது. ரெவிட் இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளும், முரண்பாடு என்று சொல்லாது.

விளைவு சிறியதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ஒரே லோடை மூன்று ஃபேஸ் வழியில் 415-ஆல் கணக்கிட்டால் ஆம்பியர் கொஞ்சம் குறையும், ஃபேஸுக்கு ஃபேஸ் 230-ஆல் கணக்கிட்டால் கொஞ்சம் கூடும். வித்தியாசம் 4 சதவீதம். ஷெட்யூலில் மொத்த ஆம்பியரும் ஃபேஸ் ஆம்பியரும் நூலிழையில் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். நான் எப்போதும் கூடுதலாக வருவதை எடுத்துக்கொள்வேன்.

ஏற்காட்டு விடுதி ஒன்றில் பேனல் ஷெட்யூல் 26 ஆம்பியர் என்கிறது. சைட்டில் 32 ஆம்பியர் மெயின் காலையில் விழுகிறது. மாடல் தப்பா, பிரேக்கர் தப்பா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இதுதான்.

வேறொருவர் செய்த மாடல் எங்களிடம் சரிபார்க்க வந்தது. 14 அறை. ஒவ்வொரு அறையிலும் 2 கிலோவாட் கீசர் ஒன்று. கீசருக்கென்று தனி டி.பி. கூட்டினால் 28 கிலோவாட். ஹீட்டர் என்பதால் பவர் ஃபேக்டர் (வாட்டுக்கும் வி.ஏ.வுக்கும் உள்ள விகிதம்) 1, ஆக 28 கே.வி.ஏ. கனெக்டட் லோடும் (எல்லாவற்றையும் கூட்டிய முழு லோடு) அப்படித்தான் சரியாக வந்திருந்தது. ஆனால் டிமாண்ட் லோடு (ஒரே நேரத்தில் ஓடும் என்று எடுத்துக்கொள்ளும் லோடு) 19 கே.வி.ஏ. என்று நின்றது. 19,000-ஐ 1.732 பெருக்கல் 415-ஆல் வகுத்தால் 26.4 ஆம்பியர். அதைப் பார்த்து 32 ஆம்பியர் மெயின் போட்டுவிட்டார்கள்.

9 கே.வி.ஏ. எங்கே போனது? கீசரைப் பிளக் ஃபேமிலியால் வைத்திருந்தார்கள். பிளக் ஃபேமிலியின் லோட் கிளாசிஃபிகேஷன் (லோடின் வகை) 'ரிசெப்டக்கிள்', அதாவது பிளக். அமெரிக்க டெம்ப்ளேட்டில் அந்த வகைக்கு ஒரு டிமாண்ட் ஃபேக்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்: முதல் 10 கே.வி.ஏ. முழுதாக, அதற்கு மேல் வருவதில் பாதி. அந்த நாட்டு விதியில் சாதாரணப் பிளக்குகளுக்கு அது நியாயம். எல்லாப் பிளக்கிலும் ஒரே நேரத்தில் யாரும் எதையும் மாட்டுவதில்லை. 28-ல் முதல் 10 முழுதாக, மீதி 18-ல் பாதி 9, கூட்டினால் 19. மென்பொருள் கூட்டலில் ஒரு பிசகும் இல்லை.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மார்கழியில் காலை ஆறரைக்கு 14 அறையிலும் ஒரே சமயத்தில் கீசர் போடுவார்கள், ஏழரைக்கு வண்டி பிடித்துச் சுற்றிப்பார்க்கப் போகவேண்டும். இங்கே டைவர்சிட்டி (எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று குறைப்பது) என்று ஒன்று கிடையாது. தெர்மோஸ்டாட் உள்ள ஹீட்டருக்குக் குறைப்பு இல்லை என்றுதான் நம் நாட்டு ஒயரிங் தரநிலையான ஐ.எஸ். 732-ம் சொல்கிறது.

இன்னொரு அடுக்கும் உண்டு. 28-ஐ மூன்று ஃபேஸில் சமமாகப் பிரித்தால் 415 கணக்கில் 39 ஆம்பியர். ஆனால் 14 மூன்றால் வகுபடாது. 5, 5, 4 என்றுதான் பிரியும். ஐந்து கீசர் உள்ள ஃபேஸில் 10,000 வாட், 230-ஆல் வகுத்தால் 43.5 ஆம்பியர். ஆக 26 என்று ஷெட்யூல் சொன்ன இடத்தில் ஒரு ஃபேஸ் உண்மையில் இழுத்தது 43.5. 32 ஆம்பியர் பிரேக்கர் விழுந்தது தன் கடமையைச் செய்ததால்தான்.

சரிசெய்தது இப்படி: 'வாட்டர் ஹீட்டர்' என்று புதிதாக ஒரு லோட் கிளாசிஃபிகேஷன், அதற்குக் 'கான்ஸ்டன்ட்' வகையில் 100 சதவீத டிமாண்ட் ஃபேக்டர். கீசர் பாயின்ட்டுக்குத் தனி ஃபேமிலி டைப், அதன் கனெக்டரில் இந்த வகை. ஷெட்யூல் உடனே 28-க்கு வந்தது. மெயின் 63 ஆம்பியர் ஆனது, கேபிளும் அதற்கேற்ப மாறியது. மாடலில் மாற்றியது பத்து நிமிட வேலை. கேபிளை மாற்ற ஆட்கள் சுவரைத் திரும்ப உடைத்தார்கள்.

ஷெட்யூலில் கனெக்டட், டிமாண்ட் என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்படி டெம்ப்ளேட்டை மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி தெரிந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும்.

ரீபேலன்ஸ் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் ஃபேஸ் சரியாகிவிடாதா?

எண் அளவில் ஆகும். 'ரீபேலன்ஸ் லோட்ஸ்' சர்க்யூட்டுகளை இடம் மாற்றி மூன்று ஃபேஸையும் நெருக்கிக் கொண்டுவரும். ஆனால் அதற்கு லோடு மட்டும்தான் தெரியும், நேரம் தெரியாது. பகலில் ஓடும் ஏ.சி.யையும் இரவில் எரியும் வெளிவிளக்கையும் சம எடையாக வைத்து, சமமாகிவிட்டது என்று சொல்லும். இடம் மாறக்கூடாத சர்க்யூட்டை முதலில் லாக் செய்யுங்கள். சைட்டில் ஒயரிங் தொடங்கின பிறகு இந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. ஒயர்மேன் கையில் இருக்கும் பிரிண்ட்டில் ஒரு நம்பர், மாடலில் வேறு நம்பர் என்றாகிவிடும்.

ஏ, பி, சி என்று வரும் ஃபேஸ் பெயர்களை எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸில் ஆர், ஒய், பி என்று மாற்றிக்கொள்ளலாம். அங்கே 'பி' என்றால் நடு ஃபேஸ், இங்கே 'பி' என்றால் நீலம். மாற்றாமல் விட்டால் குழப்பம் நிச்சயம்.

மண்டபத்துக்கு 20 ஏ.சி. லோடு 140 கே.வி.ஏ. வருகிறது. ஓனர் டிரான்ஸ்ஃபார்மர் விலையைக் கேட்டு மலைத்துப்போனார்.

ஃபேமிலியில் யாரோ குளிரூட்டும் திறனை எழுதியிருக்கிறார்கள். 1 டன் என்பது 3.517 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். 2 டன் என்றால் 7.03 கிலோவாட். இருபதுக்கு 140. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இயந்திரம் மின்சாரத்தில் இழுப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். பெயர்ப்பலகையில் 'இன்புட் பவர்' என்று தனியாக இருக்கும் எண்ணை எடுங்கள், அதைப் பவர் ஃபேக்டரால் வகுத்து வி.ஏ. ஆக்குங்கள்.

ஏ.சி. விஷயத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்ப்ளிட் ஏ.சி.க்கு இன்டோர் யூனிட் ஒன்று, அவுட்டோர் யூனிட் ஒன்று, பக்கத்தில் நாம் வைத்த ஐசொலேட்டர் பாயின்ட் ஒன்று. மூன்றிலும் முழு லோடு எழுதி, மூன்றையும் சர்க்யூட்டில் சேர்த்த மாடலைப் பார்த்திருக்கிறேன். கரன்ட் எங்கே உள்ளே போகிறதோ அந்த ஒன்றில் மட்டும் லோடு இருக்கட்டும்.

விசைத்தறிக்கு 1 எச்.பி. மோட்டார், 746 வாட் என்று போட்டேன். கான்ட்ராக்டர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் சொல்வதுதான் சரி. 746 வாட் என்பது மோட்டாரின் தண்டில் வெளியே கிடைக்கும் சக்தி. உள்ளே போவது அதைவிட அதிகம். எஃபிஷியன்சி 75 சதவீதம், பவர் ஃபேக்டர் 0.7 என்று வைத்தால் 746-ஐ 0.75-ஆல் வகுத்து, பிறகு 0.7-ஆல் வகுக்க வேண்டும். 1,421 வி.ஏ. வருகிறது. கொண்டலாம்பட்டிப் பக்கம் 20 தறி உள்ள கூடம் என்று வையுங்கள். உங்கள் கணக்கில் 14.9 கே.வி.ஏ., 21 ஆம்பியர். உண்மையில் 28.4 கே.வி.ஏ., 39.5 ஆம்பியர். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கனெக்டரில் பவர் ஃபேக்டரைத் தொடாமல் விட்டால் 1 என்று இருக்கும். மோட்டாருக்கு அது ஒருநாளும் பொருந்தாது. பெயர்ப்பலகையில் ஃபுல் லோட் கரன்ட் எழுதியிருந்தால் எனக்கு அதுதான் முதல் சாட்சி: ஆம்பியரை 1.732-ஆலும் 415-ஆலும் பெருக்கி வி.ஏ. எடுத்துவிடுவேன்.

டிமாண்ட் லோடு கனெக்டட் லோடைவிட அதிகமாக வருகிறது. இது நடக்குமா?

நடக்கும். அமெரிக்க விதியில் மிகப்பெரிய மோட்டாரை 125 சதவீதமாக எடுத்துக்கொண்டு கேபிள் போடச் சொல்வார்கள். டெம்ப்ளேட்டில் மோட்டார் வகைக்கு அந்த மாதிரி டிமாண்ட் ஃபேக்டர் இருந்தால் கூடித்தான் வரும். செட்டிங்ஸில் திறந்து பார்த்து, நீங்கள் பின்பற்றும் விதிக்கு மாற்றுங்கள்.

பிளக் ஒவ்வொன்றும் 180 வி.ஏ. என்று வருகிறதே?

அதுவும் அமெரிக்கக் கணக்கு. நம் ஐ.எஸ். 732 வழக்கப்படி உண்மையான லோடு தெரியாதபோது 6 ஆம்பியர் பிளக்குக்கு 100 வாட், 16 ஆம்பியர் பிளக்குக்கு 1,000 வாட், ஃபேனுக்கு 60 வாட் என்று எடுப்போம். ஃபேமிலி டைப்பிலேயே இவற்றை எழுதி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேலையிலும் திருத்த வேண்டாம்.

ஒரு சர்க்யூட் 10 கே.வி.ஏ., இன்னொன்று 10 கே.வி.ஏ. மொத்தம் 18.4 என்று காட்டுகிறது. கூட்டத் தெரியாதா இதுக்கு?

தெரியும், நம்மைவிட நன்றாகவே. பவர் ஃபேக்டர் வேறுவேறாக இருந்தால் கே.வி.ஏ.வை நேராகக் கூட்டக்கூடாது. கீசர் 10 கே.வி.ஏ., பவர் ஃபேக்டர் 1. மோட்டார் 10 கே.வி.ஏ., பவர் ஃபேக்டர் 0.7. கிலோவாட் 10-ம் 7-ம் சேர்ந்து 17. மோட்டாரின் ரியாக்டிவ் பகுதி 7.14. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 18.4. செட்டிங்ஸில் லோட் கால்குலேஷன் பகுதியில் எந்த முறையில் கூட்டவேண்டும் என்று தேர்வு இருக்கிறது. கையால் சரிபார்ப்பவரும் நீங்களும் ஒரே முறையில் இருக்கிறீர்களா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

எல்லா சர்க்யூட்டிலும் பிரேக்கர் 20 ஆம்பியர் என்றே வருகிறது. லோடைப் பார்த்து அதுவே மாற்றாதா?

மாற்றாது. 20 என்பது தொடக்கத்தில் வைத்திருக்கும் மதிப்பு. லோடைப் பார்த்து 6, 10, 16, 32 என்று தேர்வு செய்வது உங்கள் வேலை. ஒயர் அளவும் அந்த ரேட்டிங்கைப் பின்பற்றித்தான் வரும், அதுவும் டெம்ப்ளேட்டை மாற்றாவிட்டால் அமெரிக்க கேஜ் எண்ணில் வரும். ரேட்டிங் தப்பென்றால் ஒயரும் தப்பு. 2 கிலோவாட் கீசருக்கு 8.7 ஆம்பியர், நாம் வழக்கமாகப் போடுவது 16 ஆம்பியர் எம்.சி.பி. (சிறு பிரேக்கர்), 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்.

சேலம் வெயிலுக்காக ஒரு வார்த்தை. எம்.சி.பி.யை 30 டிகிரியில்தான் அளந்து தருகிறார்கள். மொட்டை மாடிப் படிக்கட்டு அறையில் மாட்டிய டி.பி., சித்திரை மதியத்தில் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். ரேட்டிங்குக்கு ஒட்டிய லோடு வைத்தால் பழுதே இல்லாமல் விழும். மென்பொருள் இதைச் சொல்லாது.

ஆர்க்கிடெக்ட் மாடலில் லைட் எல்லாம் இருக்கிறது. லிங்க் செய்து வைத்தேன். சர்க்யூட் போட விடமாட்டேன் என்கிறது.

லிங்கில் இருக்கும் சாமானுக்குச் சர்க்யூட் போட முடியாது. 'காப்பி மானிட்டர்' வழியாக உங்கள் மாடலுக்குள் கொண்டுவாருங்கள். ஆர்க்கிடெக்ட் இடம் மாற்றினால் அதுவே எச்சரிக்கும். கொண்டுவரும்போது எலக்ட்ரிக்கல் கனெக்டர் உள்ள ஃபேமிலியாக மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் வைத்திருப்பது பெரும்பாலும் பார்வைக்கான ஃபேமிலிதான்.

தள டி.பி. லோடு சரி. மெயின் பேனலில் ஏறவே இல்லை.

டி.பி.யையும் ஒரு சாமான் மாதிரிதான் நினைக்கவேண்டும். அதைத் தேர்வு செய்து, பவர் சர்க்யூட் போட்டு, மெயின் பேனலில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு மேலே டிமாண்ட் கணக்கு வகைவாரியாக மறுபடி நடக்கும். அதனால் இரண்டு டி.பி.யின் டிமாண்ட் எண்ணைக் கூட்டினால் மெயினின் எண் வராமல் போகலாம், மெயினில் குறைவாகவும் வரலாம். கனெக்டட் எண்களைக் கூட்டிப் பாருங்கள்.

பைத்தான் ஸ்கிரிப்ட்டில் லோடைப் படித்தேன். 100 வி.ஏ. லைட்டுக்கு 1076.39 என்று வருகிறது.

பத்தே முக்கால் மடங்கு என்று பார்த்தவுடனே அடி அலகு என்று தெரிந்துகொள்ளுங்கள். ரெவிட் உள்ளுக்குள் நீளத்தை அடியில் வைத்திருக்கிறது. வாட் என்பதில் மீட்டர் வர்க்கம் ஒளிந்திருக்கிறது. 1 சதுர மீட்டர் 10.764 சதுர அடி. வோல்ட்டும் அப்படியே, 230 என்பது 2,476 என்று வரும். உள் அலகிலிருந்து மாற்றித் தரும் சார்பைப் பயன்படுத்துங்கள். ஃபேமிலி ஃபார்முலாவிலும் அலகு பொருந்தாமல் எழுதினால் இதே மடங்கு எட்டிப்பார்க்கும்.

சர்க்யூட்டை மாற்ற விடவில்லை, வேறொருவர் பெயர் காட்டுகிறது.

சென்ட்ரல் ஃபைலில் (எல்லோரும் பகிர்ந்து வேலை செய்யும் மாடல்) அந்தப் பேனலை அவர் கையில் வைத்திருக்கிறார். சிங்க் செய்து விடச் சொல்லுங்கள். ஒரு பேனல் ஒரு ஆள் என்று பிரித்துக்கொண்டால் சண்டை வராது.

ஏற்காட்டு வேலைக்கு மாடலில் தனியாக ஏதாவது செய்யணுமா?

லோடு கணக்கில் வேண்டாம், சாமான் தேர்வில் வேண்டும். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் 1,000 மீட்டர் உயரம் வரைதான் பெயர்ப்பலகைத் திறனுக்கு உத்தரவாதம் பெற்றவை. ஏற்காடு அதைத் தாண்டியது. காற்றின் அடர்த்தி குறைவதால் குளிர்ச்சி குறையும். டீசல் ஜெனரேட்டருக்கும் இதே கதைதான், எஞ்சின் மூச்சு வாங்கும். காபித் தோட்டத்துப் பல்பர் மோட்டாரோ விடுதி ஜெனரேட்டரோ, தயாரிப்பாளர் தரும் குறைப்பு அட்டவணையைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். எம்.சி.பி.க்கு 2,000 மீட்டர் வரை கவலையில்லை. ஷெட்யூலில் ஒரு குறிப்பு வரியாக உயரத்தை எழுதி வைக்கிறோம். வாங்குகிறவர் கண்ணில் பட்டால் கேள்வி கேட்பார்.

ஈ.பி. விண்ணப்பத்துக்கு ஷெட்யூலில் எந்த எண்ணைத் தருவது?

எல்.டி. (தாழ்வழுத்த) இணைப்பு என்றால் கிலோவாட்டில் கேட்பார்கள், எச்.டி. (உயரழுத்த) என்றால் கே.வி.ஏ.வில் டிமாண்ட். ரெவிட் ஷெட்யூல் தொடக்கத்தில் காட்டுவது வி.ஏ. அதை அப்படியே கிலோவாட் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ட்ரூ லோடு (வாட்டில் வரும் லோடு) வரியைச் சேர்த்து, அதிலிருந்து எடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் சிஸ்டம் பிரவுசரில் 'அன்அசைன்ட்' காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை, மிகப்பெரிய மூன்று லோடுகளைப் பெயர்ப்பலகையோடு வைத்து ஒருமுறை பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் இந்த இரண்டும் முடியாமல் பிரிண்ட் எடுப்பதில்லை.